பூன் லே என்பது எத்தனை எழுத்து?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பூன் லே என்ற பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? தொடக்கப்பள்ளி இரண்டாம் வகுப்பு மாணவரைக் கேட்டால், 'பூ, ன், லே' என்று விரல்விட்டு எண்ணி மூன்று என்பார். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியைக் கேட்டால் ஏழு என்று விடை வரும். நடுவில் இருக்கும் இடைவெளியைக் கழித்துவிட்டாலும் ஆறு.

மாணவர் சொன்னது இலக்கணம். கணினி சொன்னது அதன் கணக்கு. ப ஒன்று, அதன்மேல் ஏறும் ஊகாரக் குறி ஒன்று, ன ஒன்று, புள்ளி ஒன்று, இடைவெளி ஒன்று, ல ஒன்று, ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு ஒன்று என்று அது எண்ணுகிறது. உயிர்மெய் என்ற கருத்தே அந்தக் கணக்கில் கிடையாது.

இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். இன்றைய உரை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பூன் லே பேருந்து நிலையத்திற்குப் பக்கத்து அடுக்குமாடியில் வசிக்கும் ஒரு மாதை மனத்தில் வைத்துக்கொள்வோம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அலுவலக வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய இணையப் பக்க வடிவமைப்பைக் கற்க விரும்புகிறார். கட்டணம் பெரிய தடையில்லை. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 2016ஆம் ஆண்டு 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 500 வெள்ளி வழங்கப்பட்டது. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்காக மேலும் 4,000 வெள்ளி கிடைத்தது. மாலை வகுப்பில் அடிப்படையை முடித்துவிட்டார். எழுத்துக்கு வண்ணம் பூசுவது, படம் வைப்பது, பொத்தானை அழுத்தினால் பட்டியல் விரிவது எல்லாம் கைவந்துவிட்டன. இப்போது அடுத்த படிக்கு வந்திருக்கிறார். படிவத்தில் மக்கள் நிரப்புவதைச் சரிபார்ப்பது, தேடுவது, வரிசைப்படுத்துவது, வேண்டிய இடத்தில் சொற்களைக் கத்தரிப்பது முதலியவைதான் அந்த உயர்நிலைப் பாடங்கள்.

பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. எடுத்துக்காட்டுகளும் ஆங்கிலப் பெயர்கள். எல்லாம் அழகாக வேலை செய்கின்றன.

வகுப்பு முடிந்ததும் சொந்தமாக ஒன்றைச் செய்து பார்க்க ஆசை வருகிறது. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் விழாவுக்குப் பெயர் கொடுக்க ஓர் இணையப் படிவம். பெயரைத் தமிழிலேயே எழுதலாம் என்று மேலே ஒரு வரி. அங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது.

மீனாட்சிசுந்தரத்தின் புள்ளி

வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி, பெயர்ப் பெட்டிக்கு 15 எழுத்து என்று எல்லை வைக்கிறார். மீனாட்சிசுந்தரம் என்று ஒருவர் தட்டுகிறார். தமிழ்க் கணக்கில் ஒன்பதே எழுத்து, தாராளமாக இடம் இருக்கிறது. கணினிக்கோ அது 16. கடைசியாக வரவேண்டியதை அது ஏற்க மறுக்கிறது. கடைசியாக வருவது மகர மெய்யின் புள்ளி. ஆகவே பதிவேட்டில் ஏறுவது 'மீனாட்சிசுந்தரம'. அச்சடித்த பெயர் அட்டையை வாங்கிப் பார்க்கும் பெரியவர், இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழே தெரியவில்லை என்றுதான் நினைப்பார். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? புள்ளியை வெட்டியது இயந்திரம்.

அடுத்தது இன்னும் மோசம். பெயர்ப் பெட்டியில் எண்களோ குறியீடுகளோ வராமலிருக்க, 'எழுத்து மட்டும்' என்று ஒரு நிபந்தனை போடுவது வழக்கம். பழைய முறையில் எழுதினால் ஆங்கில அகரவரிசையைத் தவிர வேறு எந்த மொழிக்கும் அங்கே இடமில்லை. 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரு நல்ல வசதி வந்தது. உலகின் எந்த மொழி எழுத்தாக இருந்தாலும் ஏற்றுக்கொள் என்று ஒரே குறியில் சொல்லிவிடலாம். நம் மாது அதையும் தேடிக் கண்டுபிடித்துப் போடுகிறார். ஆனாலும் 'மணி' என்று தட்டினால், இது பெயரில்லை, சரியாக நிரப்பவும் என்று சிவப்பில் எழுத்து வருகிறது.

காரணம் எளிது. யூனிகோட் ஏற்பாட்டில் ம, ண ஆகியவை எழுத்து என்ற வகையில் வருகின்றன. இகரக் குறியும் புள்ளியும் எழுத்து அல்ல, 'குறி' என்ற தனி வகை. எழுத்தை மட்டும் அனுமதித்தால் குறிகள் வாசலில் நின்றுவிடும். கொம்பு, கால், சுழி, புள்ளி எதுவுமே இல்லாத பெயராக இருந்தால் தப்பிக்கலாம். அப்படி ஒரு தமிழ்ப் பெயரைத் தேடிப் பாருங்கள், எளிதில் அகப்படாது.

தன் பெயரைத் தன் மொழியில் எழுதியவரிடம் 'இது பெயரில்லை' என்று ஒரு திரை சொல்கிறது. எரிச்சலூட்டும் விஷயம்தான். சிங்கப்பூர் இந்தியர்களுக்கு இது புதிதும் அல்ல. பெயருக்கு நடுவே எஸ்/ஓ, டி/ஓ என்று சாய்கோட்டோடு எழுதும் வழக்கத்தால், வெளிநாட்டு இணையத்தளப் படிவங்களில் தடுமாறிய அனுபவம் பலருக்கு உண்டு. சாய்கோடாவது ஒரு வழக்கம், விட்டுவிட்டு எழுதலாம். புள்ளியை விட்டுவிட்டு எழுத முடியுமா?

ஒரே முகம், இரண்டு உடல்

பெயர்களைத் தேடும் பகுதிக்கு வருவோம். கௌரி என்று ஒருவர் பதிவு செய்திருக்கிறார். நுழைவாயிலில் நிற்கும் தொண்டூழியர் கௌரி என்று தட்டித் தேடுகிறார். அப்படி யாரும் இல்லை என்கிறது கணினி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒரு வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் ஔகாரக் குறியை முறையாக உள்ளிட்டிருக்கிறார். மற்றவர் ஒற்றைக் கொம்பைப் போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டியிருக்கிறார். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வெவ்வேறு சொற்கள்.

பொன்னிக்கும் இதே கதி நேரலாம். பொ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். ஸ்ரீதேவியின் நிலை வேறு விதம். ஸ்ரீ என்ற வடிவத்தை ஸகரத்திலிருந்தும் உருவாக்கலாம், 2005ஆம் ஆண்டு யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்திலிருந்தும் உருவாக்கலாம். திரையில் தெரிவது ஒரே ஸ்ரீதான்.

பொன்னிக்கு மருந்து இருக்கிறது. 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த 'நார்மலைஸ்' என்ற கட்டளை, பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கிவிடும். கௌரிக்கும் ஸ்ரீதேவிக்கும் அது உதவாது. ளகரம் முறையான ஓர் எழுத்து. அதைக் குறியாக நினைத்துத் தட்டிவிட்டார் ஒருவர் என்று எந்தப் பொதுக் கட்டளைக்கும் தெரியாது. கெ என்பதை அடுத்து ளகரம் உண்மையாகவே வரும் சொற்களும் தமிழில் இருக்கின்றன. 'கெளுத்தி' மீனைக் கௌவாக்கிவிடக் கூடாது அல்லவா? அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து யோசித்து, எந்த இடத்தில் மாற்றலாம், எந்த இடத்தில் கூடாது என்று விதி எழுத வேண்டும். நிரலாக்கப் பயிற்சிக் கையேடுகளில் இதற்கு விடை கிடைக்காது.

பெயர் வரிசையைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. கலை, கவிதை, கனி என்பதுதான் அகராதி வரிசை. னகரம் கடைசி மெய் என்பது பள்ளிப் பாடம். சாதாரண 'சார்ட்' கட்டளை கனியை முதலில் கொண்டுவந்து வைக்கும். யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே காரணம். தமிழ் முறைப்படி ஒப்பிடு என்று 'லோக்கேல் கம்பேர்' கட்டளையோடு சேர்த்துச் சொன்னால் வரிசை சரியாகிவிடும். ஒரே வரி வேலை. சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

ஒரு தமிழாசிரியர் செய்தது

இந்தச் சிக்கல்களுக்கெல்லாம் முன்னால் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. இணையத்தில் தமிழே இல்லை. அதைத் தீர்த்தவர்களில் முன்வரிசையில் நின்றவர் இந்த ஊர்க்காரர் என்பது இளைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது.

நா. கோவிந்தசாமி 1946ஆம் ஆண்டு பிறந்தவர். தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர், 1994ஆம் ஆண்டு தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். தேசிய கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராகப் பணியாற்றினார். கணினிப் பொறியாளர் அல்லர். கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் டான் டின் வீ தலைமையில் இயங்கிய இணைய ஆய்வு மேம்பாட்டுப் பிரிவினரோடு சேர்ந்து உழைத்தார். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையப் பக்கங்களை 1995 அக்டோபரில் அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அதில் தமிழும் இருந்தது. உலகின் தொடக்ககாலத் தமிழ் இணையப் பக்கங்களுள் அதற்கு முக்கிய இடம் உண்டு.

அதே 1995ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஒரு நிரல்மொழியை எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் சூட்டப்பட்டது. இரண்டும் சம வயது. ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தன என்பதுதான் வருத்தம். பத்து நாளில் பிறந்த மொழியிடம் உயிர்மெய்யை எதிர்பார்ப்பதும் சற்று அதிகம்தான்.

அந்நாளில் தமிழ்ப் பக்கத்தைப் படிக்க, அதற்குரிய எழுத்துருவைக் கணினியில் தனியாக நிறுவ வேண்டும். நிறுவாவிட்டால் புரியாத ஐரோப்பிய எழுத்துகளின் குவியல்தான் தெரியும். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த ஏற்பாடு அது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஏற்றி வைத்தார்கள். ஒரு நாளிதழின் எழுத்துருவில் இன்னொரு நாளிதழைப் படிக்க முடியாது. இந்தக் குழப்பத்தைப் பேசித் தீர்க்க 1997 மே மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். மறு ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணையம் 2000 மாநாட்டில் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானபோது அவர் இல்லை.

1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்த யூனிகோட், மெல்ல மெல்ல எல்லாக் கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தராமல், மெய்யையும் குறியையும் பிரித்துவைத்த ஏற்பாடு அது. அது சரியா, தவறா என்று பல்லாண்டு வாதம் நடந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ் 16 என்ற முறையையும் 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. வாதத்தில் இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் இன்று உலகம் முழுவதும் புழங்குவது யூனிகோடுதான். பூன் லே மாது படிவம் எழுத வேண்டியதும் அதில்தான்.

கோவிந்தசாமி பணியாற்றிய தேசிய கல்விக் கழகம் 2000ஆம் ஆண்டில் புக்கிட் தீமா வளாகத்திலிருந்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்கு இடம் மாறியது. பூன் லேயிலிருந்து 199ஆம் எண் பேருந்தில் ஏறினால் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்விடலாம். கணினி வகுப்புக்குச் செல்லும் மாதின் வீட்டிற்கும் தமிழாசிரியர்கள் பயிலும் வகுப்பறைக்கும் இடையில் உள்ள தூரம் சில பேருந்து நிறுத்தங்கள்தான். ஆனால் நிரல் எழுதுபவர் தமிழைத் தமிழாசிரியரிடம் விட்டுவிடுகிறார். தமிழாசிரியர் கணினியைப் பொறியாளரிடம் விட்டுவிடுகிறார். 1995இல் அந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன. ஒருவர் அமைதியாகச் செய்துவிட்டுப் போனதை இன்று யாரும் தம் வேலையாக நினைக்காததுதான் குறை.

2017ஆம் ஆண்டு தேசிய தின அணிவகுப்புக்கான விளம்பரத் தாளில் தமிழ் வாசகம் பிழையோடு அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது நேயர்களுக்கு நினைவிருக்கும். அதுபோன்ற பிழை நேரும்போதெல்லாம் மொழிபெயர்த்தவரைத் திட்டுவதே வழக்கமாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் சரியாகவே எழுதியிருந்தாலும், தமிழ் தெரியாத மென்பொருள்களின் வழியே போகும்போது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறிவிடும் ஆபத்து உண்டு. தாளில் வந்த பிழையை எல்லாரும் பார்த்தார்கள். படிவத்தில் விழுந்த புள்ளியை யார் பார்க்கிறார்கள்?

கற்பவர் கையில் இருப்பது

ஒரு நல்ல செய்தி. எழுத்தை எழுத்தாக எண்ணும் வசதி இப்போது ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. 'இன்ட்டில் செக்மென்ட்டர்' என்று பெயர். 2020ஆம் ஆண்டு குரோம் உலாவியில் வந்தது. 2024ஆம் ஆண்டு ஃபயர்ஃபாக்ஸும் ஏற்றுக்கொண்டதோடு முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. பூன் லே என்று கொடுத்தால் பூ, ன், இடைவெளி, லே என்று பிரித்துத் தரும். நீளமான தலைப்பைக் கத்தரித்து 'மேலும் படிக்க' என்று போடும் இடங்களில் இதைப் பயன்படுத்தினால், 'கண்' என்பது 'கண' என்று பாதியில் நிற்காது. ஆனால் க்ஷ என்பதை அது க், ஷ என்று இரண்டாகவே எண்ணும். அதற்கும் ஒரு விதி நாமே எழுத வேண்டியதுதான்.

பெயர்ப் பெட்டியில் எழுத்தோடு குறியையும் அனுமதிக்க வேண்டும். எல்லையைத் தாராளமாக வைக்க வேண்டும். தரவுத்தளத்தில் சேமிக்கும்போது, பரவலாகப் பயன்படும் யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் தேவை. ஆகவே 16 என்று கணினி எண்ணிய மீனாட்சிசுந்தரத்துக்கு அங்கே 48 வேண்டும். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் குறுந்தகவலில் தமிழ் 70 குறியீடுகளோடு நின்றுவிடுவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சொன்னால் நிரலை நொடியில் எழுதித் தந்துவிடுகிறதே, இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எழுதித் தரும். 'பெயர் 15 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும்' என்று கேட்டால் அப்படியே செய்து தரும். எழுத்து என்று எதைச் சொல்கிறீர்கள் என்று அது திருப்பிக் கேட்கும் என நம்பிக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கேள்வி கேட்பவரின் மனத்தில் முன்பே இருக்க வேண்டும்.

இணைய முகவரிக்கே தமிழ் வந்துவிட்டது. 2011ஆம் ஆண்டிலிருந்து '.சிங்கப்பூர்' என்ற தமிழ் முகவரி ஈறு நம் நாட்டுக்கு உண்டு. அதற்கு அடிப்படையான பன்மொழி முகவரித் தொழில்நுட்பம் 1998ஆம் ஆண்டு, அதே டான் டின் வீயின் குழுவில் உருவானது. முகவரி என்றால் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும் என்று நினைத்து எழுதப்பட்ட படிவம், சிங்கப்பூரின் பெயரையே தவறு என்று திருப்பி அனுப்பும்.

வீட்டில் மடிக்கணினி இருக்கும் நேயர்கள் இன்றிரவே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். குரோம் உலாவியைத் திறந்து எஃப் 12 விசையை அழுத்துங்கள். 'கன்சோல்' என்ற பகுதிக்குச் சென்று, மேற்கோள் குறிக்குள் உங்கள் பெயரைத் தமிழில் தட்டி, ஒரு புள்ளி வைத்து, 'லெங்த்' என்ற சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்து நுழை விசையைத் தட்டுங்கள். ஓர் எண் வரும். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு அதே பெயரை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். இரண்டு எண்களும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று பிள்ளை கேட்டால், அன்றைக்குத் தொலைக்காட்சியைச் சற்று நேரம் அணைத்து வைத்தாலும் பரவாயில்லை.